வேறு மொழி நிரலிலிருந்து சி லைப்ரரியை அழைப்பது: முழுமையான வழிகாட்டி

பைத்தானிலோ ஜாவாவிலோ ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டிய வேலையைச் செய்யும் லைப்ரரி ஏற்கெனவே சி மொழியில் இருக்கிறது: ஒரு சென்சாரின் டிரைவர், ஒரு வீடியோ கோடெக், பல வருடங்களாகப் பலர் சோதித்துப் பார்த்த ஒரு கணக்கீட்டுத் தொகுப்பு. அதை முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை, இருக்கிறபடியே அழைக்கலாம். இந்த வசதியை எஃப்எஃப்ஐ (ஃபாரின் ஃபங்ஷன் இன்டர்ஃபேஸ்) என்பார்கள். பெரும்பாலான மொழிகளில் ஏதோ ஒரு வடிவில் இது உண்டு.

அழைப்புக்கு நாலு வரி போதும். அந்த நாலு வரி சரியா தவறா என்று சொல்ல யாரும் இல்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல். தவறாக அழைத்தாலும் நிரல் ஓடும், ஏதோ ஒரு எண்ணைத் தரும், வேறெங்கோ போய் விழும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே பழக்கத்தை வலியுறுத்தும்: எந்த ஃபங்ஷனையும் அழைப்பதற்கு முன், அதன் டைப்களையும் மெமரி யாருடையது என்பதையும் நிரலில் எழுதி வைத்துவிடுங்கள்.

எடுத்துக்காட்டுக்குப் பைத்தானின் சிடைப்ஸ் என்ற எஃப்எஃப்ஐ மாட்யூலை வைத்து, டேட்டாவைச் சுருக்கும் ஸீலிப் என்ற லைப்ரரியை அழைப்போம். 2006-இல் வந்த பைத்தான் 2.5 முதல் சிடைப்ஸ் மொழியோடு சேர்ந்தே வருகிறது. பைத்தானுக்குச் சொந்தமாக ஒரு ஸீலிப் மாட்யூல் இருப்பதால், நமக்குக் கிடைக்கும் விடையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன். பெயர்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவற்றின் வழக்கமான ஸ்பெல்லிங்கில் டைப் செய்துகொள்ளுங்கள்.

லைப்ரரி ஃபைலுக்குள் என்ன இருக்கிறது

சி நிரலில் ஹெடர் ஃபைல் என்று ஒன்று இருக்கும். எந்த ஃபங்ஷன் எத்தனை ஆர்க்யுமென்ட் வாங்கும், எதைத் திருப்பித் தரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கம்பைலர் அதைப் படித்து, அழைப்பு சரியா என்று பார்த்து, மெஷின் கோடை உருவாக்கும். வேலை முடிந்ததும் அந்தத் தகவலில் பெரும்பகுதி போய்விடும். கடைசியில் கிடைக்கும் லைப்ரரி ஃபைலில் மிஞ்சுவது ஃபங்ஷனின் பெயரும் அதன் முகவரியும்தான். லினக்ஸில் என்எம் கமாண்டைப் பெரிய டி ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள்: சிஆர்சி32, கம்ப்ரெஸ் என்று பெயர்கள் வரிசையாக வரும். எத்தனை ஆர்க்யுமென்ட், என்ன டைப் என்று ஒரு சொல் இருக்காது.

சரி, டைப் தெரியாவிட்டால் என்ன ஆகும்? 64 பிட் இன்டெல் வகை பிராசசரில் ஓடும் லினக்ஸில், முதல் ஆறு முழு எண்களும் பாயிண்டர்களும் (மெமரி முகவரிகளும்) ஆறு குறிப்பிட்ட ரிஜிஸ்டர்களில், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய இடங்களில், போகும். டபுள், ஃப்ளோட் போன்ற தசம எண்கள் எக்ஸ்எம்எம் என்ற வேறு ரிஜிஸ்டர்களில் போகும். விண்டோஸின் ஏற்பாடு வேறு: நான்கு ஆர்க்யுமென்ட்கள்தான் ரிஜிஸ்டரில், மற்றவை ஸ்டாக் என்ற மெமரிப் பகுதியில், அதோடு அழைப்பவர் ஸ்டாக்கில் 32 பைட் இடம் விட்டு வைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைத்தான் காலிங் கன்வென்ஷன் என்கிறோம். டபுளை எதிர்பார்க்கும் ஃபங்ஷனுக்கு நீங்கள் முழு எண்ணைக் கொடுத்தால், அது எக்ஸ்எம்எம் ரிஜிஸ்டரைத்தான் பார்க்கும். அங்கே முன்பு யாரோ விட்டுப்போன மதிப்பு இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டு விடை தந்துவிடும். எர்ரர் எதுவும் வராது.

ரிஜிஸ்டர்களில் மதிப்புகளை நிரப்பும் வேலையைச் சிடைப்ஸுக்காகச் செய்வது லிப்எஃப்எஃப்ஐ என்ற சிறிய லைப்ரரி. எதை எங்கே வைக்க வேண்டும் என்று அதற்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஹெடரிலிருந்து கம்பைலர் செய்துவந்த வேலை இப்போது உங்கள் கையில்.

படி 1: ஹெடரைத் திறந்து, வேண்டியதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்

லைப்ரரி முழுவதையும் கொண்டுவர நினைக்காதீர்கள். நமக்கு இப்போது வேண்டியவை மூன்று. ஸீலிப்வெர்ஷன்: ஆர்க்யுமென்ட் எதுவும் இல்லை, ஸ்ட்ரிங் பாயிண்டர் தரும். சிஆர்சி32: டேட்டாவில் பிழை வந்ததா என்று பார்க்க உதவும் செக்சம் எண்ணைக் கணக்கிடும்; ஒரு யுலாங், ஒரு பைட் பாயிண்டர், ஒரு யுஇன்ட் வாங்கி யுலாங் தரும். கம்ப்ரெஸ்: விளைவு போய்ச் சேர வேண்டிய பஃபர் (மெமரி இடம்), அந்த பஃபரின் நீளத்துக்கு ஒரு பாயிண்டர், மூல டேட்டா, அதன் நீளம் ஆகியவற்றை வாங்கி இன்ட் தரும்.

யுலாங், யுஇன்ட் என்பவை ஸீலிப் வைத்துக்கொண்ட பெயர்கள். அவை உண்மையில் என்ன என்று கூடவே வரும் இன்னொரு ஹெடரில் தேடிப் பிடிக்க வேண்டும்: அன்சைன்ட் லாங், அன்சைன்ட் இன்ட். அடிமட்ட டைப் கிடைக்கும்வரை நிறுத்தாமல் போங்கள்.

தேடும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். டிஃப்ளேட்இனிட் என்ற பெயர் ஆவணம் முழுக்க இருக்கும், ஆனால் லைப்ரரியில் தேடினால் கிடைக்காது. காரணம், அது மேக்ரோ. கம்பைல் ஆகும்போதே அது கடைசியில் அண்டர்ஸ்கோர் சேர்ந்த வேறொரு ஃபங்ஷனாக மாறிவிடும். நீங்கள் அழைக்க வேண்டியது அதைத்தான். மேக்ரோ, இன்லைன் ஃபங்ஷன், டிஃபைன் செய்த எண்கள் எதுவும் லைப்ரரி ஃபைலுக்குள் வராது. எண்களை நீங்களே உங்கள் நிரலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

படி 2: லைப்ரரியை ஏற்றுங்கள்

சிடைப்ஸில் சிடிஎல்எல் என்ற கிளாஸுக்கு லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால் போதும். பெயர்தான் இடத்துக்கு இடம் மாறும். லினக்ஸில் லிப்ஸீ.எஸ்ஓ.1, மேக்கில் லிப்ஸீ.டைலிப், விண்டோஸில் பெரும்பாலும் ஸீலிப்1.டிஎல்எல். லினக்ஸில் கடைசியில் வரும் அந்த 1-ஐ விட்டுவிடாதீர்கள். எண் இல்லாத பெயர் டெவலப்மென்ட் பேக்கேஜை நிறுவினால்தான் கிடைக்கும். உங்கள் கணினியில் ஓடிவிட்டு சர்வரில் ஓடாது. அதோடு அந்த எண் ஒரு உறுதிமொழியும்கூட: பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத மாற்றம் வந்தால் லைப்ரரியை எழுதுகிறவர்கள் அந்த எண்ணை ஏற்றுவார்கள்.

இந்தப் படியில் வரும் சிக்கல்கள் மூன்று வகை. ஒன்று, பிட் பொருந்தாமை: 64 பிட் பைத்தானில் 32 பிட் லைப்ரரியை ஏற்ற முடியாது. விண்டோஸில் இது 193 என்ற எர்ரர் எண்ணோடு வரும், லினக்ஸில் தவறான இஎல்எஃப் கிளாஸ் என்று வரும். ஏஆர்எம் சிப் உள்ள மேக்கில் இன்டெல்லுக்காகக் கட்டிய லைப்ரரியும் இதே கதைதான். இரண்டு, லைப்ரரி இருக்கிறது, ஆனால் அது நம்பியிருக்கும் வேறொரு லைப்ரரி இல்லை. விண்டோஸ் அப்போதும் உங்கள் ஃபைல் இல்லை என்பது போலவே சொல்லும், ஏமாறாதீர்கள். லினக்ஸில் எல்டிடி, மேக்கில் ஓட்டூல், விண்டோஸில் டம்ப்பின் ஆகியவை யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்று காட்டும். மூன்று, தேடும் இடம்: பைத்தான் 3.8 முதல் விண்டோஸில் டிஎல்எல் நம்பியிருக்கும் மற்ற டிஎல்எல்களை பாத் மாறியில் தேடுவதில்லை. ஓஎஸ் மாட்யூலின் ஆட்_டிஎல்எல்_டைரக்டரியால் ஃபோல்டரைச் சொல்ல வேண்டும்.

உங்கள் நிரலோடு சேர்த்துக் கொடுக்கும் லைப்ரரி என்றால் முழு பாத்தையும் கொடுத்து ஏற்றுங்கள். ஒரே பெயரில் எங்கோ கிடக்கும் வேறு ஃபைல் ஏறிவிடுவது பாதுகாப்புக்கும் கேடு.

படி 3: முதல் அழைப்பு, டைப் சொல்லாமலும் சொல்லியும்

இந்தச் சோதனையை நீங்களே செய்து பார்க்க வேண்டும், படித்தால் மட்டும் மனதில் பதியாது. லினக்ஸில் லைப்ரரியை ஏற்றிவிட்டு, எந்த டைப்பும் சொல்லாமல், சிஆர்சி32-ஐ அழையுங்கள்: முதல் ஆர்க்யுமென்ட் 0, இரண்டாவது 123456789 என்ற ஒன்பது எழுத்துகள் பைட்ஸாக, மூன்றாவது 9.

வரும் விடை: -873187034.

செக்சம் எப்படி மைனஸில் வரும்? இந்த ஒன்பது எழுத்துகள் சிஆர்சி கணக்கைச் சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துபவை. சரியான விடை 3421780262. ஸீலிப் சரியாகத்தான் கணக்குப் போட்டது. திரும்பி வந்த ரிஜிஸ்டரில் சரியான பிட்கள்தான் இருந்தன. ஆனால் ரெஸ்டைப் (ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பின் டைப்) சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை சாதாரண இன்ட் என்று எடுத்துக்கொள்ளும். 32 பிட்களில் மேல் பிட் 1 என்பதால் அது மைனஸ் எண்ணாகப் படிக்கப்பட்டது. ரெஸ்டைப்புக்கு சி_யுலாங் என்று கொடுத்துவிட்டு அதே அழைப்பைச் செய்யுங்கள், 3421780262 வரும்.

மேல் பிட் 0 ஆக இருக்கும் டேட்டாவைக் கொடுத்திருந்தால் முதல் தடவையே சரியான விடை வந்திருக்கும், பிழை இருப்பதே தெரிந்திருக்காது. தோராயமாகப் பாதி உள்ளீடுகளுக்குச் சரி, பாதிக்குத் தவறு என்று நிற்கும் ஒரு நிரல் உங்கள் கையில் இருந்திருக்கும்.

அடுத்து ஸீலிப்வெர்ஷனை இதேபோல் டைப் சொல்லாமல் அழையுங்கள். பொருளில்லாத ஒரு எண் வரும். அது 64 பிட் முகவரியின் கீழ்ப்பாதி, மேல்பாதி வெட்டப்பட்டுவிட்டது. ரெஸ்டைப்பை சி_சார்_பி என்று மாற்றினால் வெர்ஷன் பைட்ஸாக அழகாக வரும். பாயிண்டர் தரும் எந்த ஃபங்ஷனுக்கும் ரெஸ்டைப் எழுதாமல் விடுவது மிக ஆபத்தானது. எதிர்த்திசையிலும் அப்படித்தான்: லினக்ஸில் ஒரு முகவரியை வெறும் பைத்தான் எண்ணாக, ஆர்க்டைப்ஸ் (ஆர்க்யுமென்ட்களின் டைப் பட்டியல்) இல்லாமல் அனுப்பினால், அதுவும் 32 பிட்டாக வெட்டப்பட்டே போகும்.

ஆகவே விதி இதுதான்: ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஆர்க்டைப்ஸ், ரெஸ்டைப் இரண்டையும் எழுதுங்கள். எதையும் திருப்பித் தராத ஃபங்ஷனுக்கு ரெஸ்டைப்பில் நன் என்று எழுதுங்கள். இவையெல்லாம் நிரலின் ஒரே இடத்தில், ஹெடரில் உள்ள அதே வரிசையில் இருக்கட்டும். பிறகு யாராவது ஹெடரோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

படி 4: டைப்களில் கவனிக்க வேண்டியவை

லாங் என்பது 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட். சி_லாங், சி_யுலாங் என்று எழுதினால் சிடைப்ஸ் அந்தந்த இடத்துக்கு ஏற்ற அளவை எடுத்துக்கொள்ளும். லாங் 8 பைட்தானே என்று சி_இன்ட்64 எழுதிவிட்டால் விண்டோஸில் உடையும். ஹெடரில் என்ன பெயரோ அதே பெயரை எழுதுங்கள், அளவை நீங்கள் ஊகிக்காதீர்கள். சைஸ்_டி என்றால் சி_சைஸ்_டி.

சியின் பூல் 1 பைட், விண்டோஸின் பூல் 4 பைட். ஈனம் பெரும்பாலும் இன்ட் அளவு. அகல எழுத்து வகையான டபிள்யூசார்_டி விண்டோஸில் 2 பைட், லினக்ஸில் 4.

பிரின்ட்எஃப் போல ஆர்க்யுமென்ட் எண்ணிக்கை மாறும் ஃபங்ஷன்களை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். ஏஆர்எம் சிப் உள்ள மேக்கில் அந்த மாறும் ஆர்க்யுமென்ட்கள் ரிஜிஸ்டரில் போகாது, ஸ்டாக்கில்தான் போகும். நிலையான ஆர்க்யுமென்ட்களுக்கு ஆர்க்டைப்ஸ் எழுதாவிட்டால் அங்கே தவறான மதிப்பு போகும்.

படி 5: ஃபங்ஷன் எழுதித் தரும் பஃபர்

கம்ப்ரெஸ் தன் வேலையின் விளைவை நீங்கள் கொடுக்கும் பஃபரில் எழுதும். எவ்வளவு எழுதியது என்பதை நீளப் பாயிண்டர் வழியாகச் சொல்லும். அதே பாயிண்டர் உள்ளே போகும்போது பஃபர் எவ்வளவு பெரியது என்று சொல்கிறது. ஆக, ஒரே இடம் இரண்டு திசைக்கும் பயன்படுகிறது.

முதலில் கம்ப்ரெஸ்பவுண்ட் ஃபங்ஷனிடம் அதிகபட்சம் எவ்வளவு இடம் வேண்டும் என்று கேளுங்கள். வழக்கமான ஸீலிப்பில் 1000 பைட் டேட்டாவுக்கு 1013 என்று சொல்லும். அந்த அளவில் கிரியேட்_ஸ்ட்ரிங்_பஃபரால் இடம் எடுங்கள். நீளத்துக்கு சி_யுலாங் வகையில் ஒரு மாறி உருவாக்கி, 1013 என்று வைத்து, பைரெஃப்பால் அதன் முகவரியை அனுப்புங்கள். திரும்பி வந்ததும் முதலில் ரிட்டர்ன் மதிப்பைப் பாருங்கள்: 0 என்றால் சரி, -5 என்றால் பஃபர் போதவில்லை, -4 என்றால் மெமரி கிடைக்கவில்லை. 0 என்றால் மட்டும் நீள மாறியில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்து, அத்தனை பைட்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீள மாறியை சி_யுஇன்ட் என்று 4 பைட்டில் உருவாக்கி, ஆர்க்டைப்ஸும் எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? லினக்ஸில் ஸீலிப் அந்த முகவரியிலிருந்து 8 பைட் படிக்கும். பக்கத்தில் உள்ள 4 பைட்டும் நீளத்தோடு சேர்ந்து, பஃபர் பல கோடி பைட் பெரியது என்று அது நம்பக்கூடும். திரும்பும்போது 8 பைட் எழுதி, பக்கத்து மெமரியை அழித்துவிடும். அந்தப் பக்கத்து மெமரி யாருடையதோ, அவருடைய வேலை பத்து நிமிடம் கழித்துக்கூடக் கெடலாம். ஆர்க்டைப்ஸில் யுலாங் பாயிண்டர் என்று எழுதியிருந்தால் சிடைப்ஸ் அழைப்புக்கு முன்னாலேயே மறுத்திருக்கும்.

பைத்தானின் பைட்ஸ் ஆப்ஜெக்டை எழுதும் பஃபராக ஒருபோதும் கொடுக்காதீர்கள். அது மாறாதது என்று நம்பித்தான் பைத்தான் அதைப் பல இடங்களில் பகிர்ந்துகொள்கிறது.

படி 6: ஸ்ட்ரிங்

சி ஸ்ட்ரிங்குக்கு என்கோடிங் தெரியாது, நீளமும் தெரியாது. பூஜ்ய பைட் வரும்வரை படிக்கும், அவ்வளவுதான். பெரும்பாலான லைப்ரரிகள் இன்று யுடிஎஃப்-8 எதிர்பார்க்கும். ஆவணத்தில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

நீளத்தையும் சேர்த்து வாங்கும் ஃபங்ஷன்களில்தான் தமிழ் எழுத்து சிக்கல் தரும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் பைத்தான் ஸ்ட்ரிங்கில் 5. யுடிஎஃப்-8 ஆக மாற்றினால் 15 பைட். முந்தைய எண்ணைக் கொடுத்தால் ஃபங்ஷனுக்குப் போய்ச் சேருவது ‘த’ என்ற எழுத்தும் ‘ம’ என்ற எழுத்தின் முக்கால்பங்குகூட இல்லாத துண்டும்தான். ஆங்கில எழுத்தில் மட்டும் சோதித்தால் இது கடைசிவரை தெரியவராது. எப்போதும் முதலில் என்கோட் செய்து, அந்த பைட்ஸின் நீளத்தை எடுங்கள். சோதனைக்குத் தமிழ்ச் சொல்லையே கொடுத்துப் பாருங்கள்.

படி 7: இந்த மெமரி யாருடையது?

டைப்களைவிட இது கடினம், ஏனென்றால் ஹெடரிலும் இது எழுதியிருக்காது. சியின் கெட்என்வ், ஸ்ட்ர்டியுப் என்ற இரண்டு ஃபங்ஷன்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரு ஸ்ட்ரிங் பாயிண்டரை வாங்கி, ஒரு ஸ்ட்ரிங் பாயிண்டரைத் தருகின்றன. கெட்என்வ் தருவது சிஸ்டத்தின் மெமரி. அதை ஃப்ரீ செய்தால் நிரல் விழும். ஸ்ட்ர்டியுப் தருவது உங்களுக்கென்று புதிதாக எடுத்த மெமரி. ஃப்ரீ செய்யாவிட்டால் கசியும். அறிவிப்பை வைத்து வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆவணத்தைத்தான் படிக்க வேண்டும்.

வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் சாவி ஒரே மாதிரிதான் இருக்கும், பத்திரத்தைப் பார்த்தால்தான் யாருடையது என்று தெரியும். பாயிண்டரும் அப்படித்தான். ஒவ்வொரு பாயிண்டருக்கும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: யார் எடுத்த மெமரி, யார் விடுவிக்க வேண்டும், எதுவரை செல்லும்.

எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரியில் இந்த மூன்று கேள்விக்கும் நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. எர்ர்எம்எஸ்ஜி தரும் பிழைச் செய்தி லைப்ரரிக்குச் சொந்தம். அடுத்த அழைப்பில் அது மாறிவிடலாம் என்பதால் உடனே நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். எக்ஸெக் ஃபங்ஷன் தரும் பிழைச் செய்தி உங்களுக்குச் சொந்தம்; எஸ்க்யூலைட்டின் சொந்த ஃப்ரீ ஃபங்ஷனால் விடுவிக்க வேண்டும். பைண்ட்_டெக்ஸ்ட் இன்னும் அருமை: நீங்கள் கொடுக்கும் ஸ்ட்ரிங் எதுவரை உயிரோடு இருக்கும் என்பதை ஐந்தாவது ஆர்க்யுமென்டாகவே கேட்கிறது. ஸ்டாட்டிக் என்றால், நான் பத்திரமாக வைத்திருப்பேன், நகல் எடுக்க வேண்டாம் என்று பொருள். டிரான்சியன்ட் என்றால், இப்போதே நகல் எடுத்துக்கொள் என்று பொருள். பயன்படாத மெமரியைத் தானாகவே அகற்றும் மொழியிலிருந்து அழைப்பவர்களுக்கு டிரான்சியன்ட்தான் பாதுகாப்பு. அதன் மதிப்பு பாயிண்டராக மாற்றிய -1.

பைத்தானில் ஒரு பொறி இருக்கிறது. ரெஸ்டைப்பை சி_சார்_பி என்று வைத்தால் சிடைப்ஸ் அந்த ஸ்ட்ரிங்கைப் பைட்ஸாக நகல் எடுத்துத் தந்துவிட்டு, மூல முகவரியைக் கைவிட்டுவிடும். பிறகு ஃப்ரீ செய்ய உங்களிடம் எதுவும் இருக்காது. விடுவிக்க வேண்டிய ஸ்ட்ரிங்குக்கு ரெஸ்டைப்பை சி_வாய்ட்_பி என்று வையுங்கள், ஸ்ட்ரிங்_அட் கொண்டு உள்ளடக்கத்தை எடுங்கள், அப்புறம் முகவரியை விடுவியுங்கள்.

விடுவிப்பதற்கும் லைப்ரரி கொடுத்த ஃபங்ஷனையே பயன்படுத்துங்கள். விண்டோஸில் ஒவ்வொரு டிஎல்எல்லும் தனித்தனி சி ரன்டைமோடு, தனித்தனி ஹீப்போடு (மெமரி எடுத்துக் கொடுக்கும் பகுதியோடு) இருக்கலாம். ஒன்றில் எடுத்ததை இன்னொன்றின் ஃப்ரீயிடம் கொடுத்தால் ஹீப் கெட்டுவிடும்.

ஓப்பன், க்ளோஸ் என்று ஜோடியாக வரும் ஹேண்டில்களை ஒரு கிளாஸுக்குள் வைத்து, வித் பிளாக்கில் பயன்படுத்தும்படி செய்யுங்கள். எஸ்க்யூலைட்டில் ஓப்பன் தோற்றாலும்கூட ஹேண்டில் கிடைக்கும், அதையும் மூட வேண்டும். இப்படிப்பட்ட நுணுக்கங்களை நிரலின் பல இடங்களில் தெளிக்காமல், அந்த ஒரு கிளாஸுக்குள் முடித்துவிடலாம்.

படி 8: ஸ்ட்ரக்ட்

ஒரு பைட் சார், 8 பைட் டபுள், மறுபடி ஒரு பைட் சார் கொண்ட ஸ்ட்ரக்ட் 64 பிட் லினக்ஸில் எத்தனை பைட்? கூட்டினால் 10, உண்மையில் 24. டபுள் 8-இன் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதால் முன்னால் 7 பைட் வெற்றிடம், மொத்த அளவும் 8-இன் மடங்காக வேண்டும் என்பதால் பின்னால் 7 பைட் வெற்றிடம். சிடைப்ஸின் ஸ்ட்ரக்சர் கிளாஸ் இந்த வெற்றிடங்களைத் தானாகவே கணக்கிடும். நீங்கள் செய்ய வேண்டியது ஃபீல்டுகளை ஹெடரில் உள்ள அதே வரிசையில், அதே டைப்போடு, ஒன்றையும் விடாமல் எழுதுவது.

படி 1-இல் பார்த்த டிஃப்ளேட்இனிட் மேக்ரோவை இங்கே நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அது மாறும்போது நீங்கள் கொடுக்காத இரண்டு ஆர்க்யுமென்ட்களைச் சேர்த்துவிடும்: ஹெடரின் வெர்ஷன் ஸ்ட்ரிங், ஸீ_ஸ்ட்ரீம் ஸ்ட்ரக்டின் அளவு. லைப்ரரி உள்ளே அந்த அளவைத் தன் அளவோடு ஒப்பிடும். வேறுபட்டால் -6 என்று மறுத்துவிடும். ஃபைலுக்குள் டைப் தங்காது என்று தெரிந்தே ஸீலிப்பை எழுதியவர்கள் செய்த ஏற்பாடு இது. அந்த ஸ்ட்ரக்ட் 64 பிட் லினக்ஸில் 112 பைட், 64 பிட் விண்டோஸில் 88 பைட். யுலாங் ஃபீல்டுகள் அங்கே பாதியாகச் சுருங்குவதுதான் காரணம். உங்கள் பைத்தான் ஸ்ட்ரக்சரின் சைஸ்ஆஃப் இந்த எண்ணைத் தராவிட்டால் எங்கோ ஒரு ஃபீல்டு தவறு. நீங்களே லைப்ரரி எழுதுவதாக இருந்தால் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 9: கால்பேக்

சி லைப்ரரி உங்கள் பைத்தான் ஃபங்ஷனைத் திரும்ப அழைக்க வேண்டுமானால் சிஃபங்டைப் கொண்டு அதற்கு ஒரு சி முகம் கொடுக்கலாம். சியின் வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான க்யூசார்ட்டுக்கு ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுப்பது நல்ல பயிற்சி. க்யூசார்ட் உடனே முடிந்துவிடும். ஆனால் கால்பேக்கைப் பதிவுசெய்துவிட்டுப் பிறகு அழைக்கும் லைப்ரரிகளில், அந்த ஆப்ஜெக்டை நீங்கள் ஒரு மாறியில் பிடித்து வைத்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பைத்தான் அதை அகற்றிவிடும், லைப்ரரி இல்லாத முகவரிக்குள் குதிக்கும். கால்பேக்குக்குள் எழும் எக்ஸெப்ஷனும் சியைத் தாண்டி உங்களிடம் வராது: சிடைப்ஸ் அதை அச்சிட்டுவிட்டுத் தொடர்ந்து போய்விடும். எனவே கால்பேக்குக்குள்ளேயே பிடித்து, ஒரு மாறியில் வைத்து, வெளியே வந்ததும் எழுப்புங்கள்.

படி 10: பிழைகளும் த்ரெட்களும்

சி ஃபங்ஷன் தோற்றதை ரிட்டர்ன் மதிப்பால் சொல்லும், காரணத்தைச் சில சமயம் எர்நோ என்ற பிழை எண் மாறியில் வைக்கும். எர்நோவைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று விட்டால், இடையில் பைத்தான் செய்யும் வேறு சிஸ்டம் அழைப்பு அதை மாற்றிவிடும். லைப்ரரியை ஏற்றும்போதே யூஸ்_எர்நோ ஆப்ஷனைக் கொடுத்து, கெட்_எர்நோவால் படியுங்கள். ஒவ்வொரு ஃபங்ஷனின் எர்செக்கில் ஒரு சோதனை ஃபங்ஷனைக் கட்டிவிட்டால், பிழை எண்கள் எல்லாம் தானாக எக்ஸெப்ஷனாக மாறும்.

சிடிஎல்எல் வழியாக அழைக்கும்போது பைத்தான் தன் ஜிஐஎல் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பூட்டை) விட்டுவிடுகிறது. மற்ற த்ரெட்கள் ஓடலாம், அது நல்லதுதான். ஆனால் நீங்கள் கொடுத்த பஃபரை இன்னொரு த்ரெட் அதே நேரத்தில் மாற்றினால் காப்பாற்ற யாரும் இல்லை. லைப்ரரி பல த்ரெட்களைத் தாங்குமா என்றும் ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பற்றி ஒன்று. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு செலவு உண்டு. லட்சம் எண்களுக்கு லட்சம் தடவை அழைத்தால் சி மொழியின் வேகம் அந்தச் செலவிலேயே கரைந்துவிடும். அரேயை முழுதாக ஒரே அழைப்பில் கொடுங்கள். நம்பை என்ற பைத்தான் கணக்கீட்டு லைப்ரரியின் அரே என்றால் அது மெமரியில் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுவிட்டு ஒன்று எடுத்த ஸ்லைஸ் தொடர்ச்சியாக இருக்காது.

லைப்ரரி சி++ என்றால்

சி++ கம்பைலர் பெயர்களை மாற்றி எழுதும். இரண்டு இன்ட் வாங்கும் ஆட் என்ற ஃபங்ஷன், ஜிசிசியில் அண்டர்ஸ்கோர், இசட், 3, ஆட், ஐ, ஐ என்று சேர்ந்த பெயராகிவிடும். கிளாஸ், டெம்ப்ளேட், எக்ஸெப்ஷன் எதையும் நேராக அழைக்க முயலாதீர்கள். எக்ஸ்டர்ன் சி என்று அறிவித்த சிறிய ஃபங்ஷன்களால் ஒரு மேலுறை எழுதுங்கள்: ஒன்று ஆப்ஜெக்டை உருவாக்கி வாய்ட் பாயிண்டர் தரட்டும், ஒன்று அதை அழிக்கட்டும், மற்றவை அந்தப் பாயிண்டரை முதல் ஆர்க்யுமென்டாக வாங்கட்டும். ஒவ்வொன்றிலும் எல்லா எக்ஸெப்ஷனையும் பிடித்துப் பிழை எண்ணாக மாற்றுங்கள். ரஸ்டில் எழுதிய லைப்ரரிக்கும் இதே வடிவம்தான்.

மற்ற மொழிகளில்

ஜாவாவில் 1997 முதல் ஜேஎன்ஐ இருக்கிறது, ஆனால் அதற்கு இடையில் சி கோடு எழுத வேண்டும். 2024 மார்ச்சில் வந்த ஜேடிகே 22-இல் ஃபாரின் ஃபங்ஷன் அண்ட் மெமரி வசதி முழுமையானது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுக்கலாம். அதிலுள்ள அரீனா, மெமரி எதுவரை வாழும் என்பதை நிரலிலேயே எழுத வைக்கிறது. சி ஷார்ப்பில் டிஎல்எல்இம்போர்ட், டாட்நெட் 7 முதல் லைப்ரரிஇம்போர்ட். ஹேண்டில்களுக்கு சேஃப்ஹேண்டில் பயன்படுத்துங்கள். கோ மொழியில் சிகோ ஹெடரை நேராகவே படிக்கும். சிஸ்ட்ரிங் எடுத்த மெமரியை நீங்கள்தான் ஃப்ரீ செய்ய வேண்டும். ரஸ்டில் சிஸ்ட்ரிங்கை உருவாக்கிய அதே வரியில் அதன் பாயிண்டரை எடுத்து மாறியில் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு: வரி முடிந்ததும் ஸ்ட்ரிங் அழிந்து, பாயிண்டர் மட்டும் மிஞ்சும். பிஎச்பி 7.4 முதல் எஃப்எஃப்ஐ உள்ளேயே இருக்கிறது.

சிடைப்ஸ் பத்து, இருபது ஃபங்ஷன்களுக்கு ஏற்றது. அதற்கு மேல் போனால் அறிவிப்புகளைக் கையால் எழுதாதீர்கள். ஹெடரைப் படித்து அவற்றை உருவாக்கும் கருவிகள் இருக்கின்றன: ரஸ்டுக்கு பைண்ட்ஜென், ஜாவாவுக்கு ஜெஎக்ஸ்ட்ராக்ட். பைத்தானில் சிஎஃப்எஃப்ஐயின் ஏபிஐ முறை, கம்பைலரையே உண்மையான ஹெடரோடு ஓட்டி உங்கள் அறிவிப்புகளைச் சரிபார்க்கும். கம்பைலர் செய்யக்கூடிய வேலையை அதனிடமே திருப்பிக் கொடுப்பதுதான் என் பரிந்துரை.

உடைந்தால் தேடுவது எப்படி

பைத்தான் எந்தச் செய்தியும் இல்லாமல் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழுந்தால், முதலில் ஃபால்ட்ஹேண்ட்லர் மாட்யூலை இயக்கி மறுபடி ஓட்டுங்கள். விழுந்த நேரத்தில் எந்தப் பைத்தான் வரி ஓடிக்கொண்டிருந்தது என்று காட்டும். பிழை அந்த வரியில்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், மெமரி முன்னாலேயே கெட்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க லினக்ஸில் வால்கிரைண்ட், அல்லது லைப்ரரியின் சோர்ஸ் கையில் இருந்தால் அட்ரஸ் சானிடைஸரோடு கம்பைல் செய்து ஓட்டுவது. ஜிடிபி என்ற டீபக்கரில் பேக்ட்ரேஸ் எடுத்தால் சி பக்கத்தில் எந்த ஃபங்ஷனுக்கு என்ன ஆர்க்யுமென்ட் வந்து சேர்ந்தது என்று தெரியும். அனுப்பியதும் சேர்ந்ததும் வேறாக இருந்தால் ஆர்க்டைப்ஸைப் பாருங்கள்.

அப்படியும் பிடிபடாவிட்டால், அதே ஃபங்ஷனை அதே மதிப்புகளோடு அழைக்கும் ஒரு சிறிய சி நிரலை எழுதுங்கள். அதில் ஸ்ட்ரக்டின் சைஸ்ஆஃப்பையும் ஒவ்வொரு ஃபீல்டின் ஆஃப்செட்ஆஃப்பையும் அச்சிடச் செய்யுங்கள். அதுவும் விழுந்தால் லைப்ரரியை நீங்கள் புரிந்துகொண்டதில் தவறு, ஆவணத்துக்குத் திரும்புங்கள். அது சரியாக ஓடினால் தவறு உங்கள் அறிவிப்பில் இருக்கிறது. அச்சிட்ட எண்களை சிடைப்ஸ் தரும் எண்களோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். முதலில் எந்த ஃபீல்டில் எண் விலகுகிறதோ, அதன் டைப்பையும் அதற்கு முந்தைய ஃபீல்டின் டைப்பையும் ஹெடரோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.